பல்லடம் பக்கம் 12 சென்ட் மனை: தோட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பல்லடத்துக்குத் தெற்கே 12 சென்ட் மனையில் கிழக்குப் பார்த்த வீடு ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறீர்கள். வீடு 1,800 சதுர அடி போக, சுற்றிலும் ஏறக்குறைய 3,400 சதுர அடி காலியாக இருக்கிறது. நிலம் கரிசல், தோண்டினால் சுக்கான் கல் வருகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒப்பந்தக்காரர் மூன்று டிப்பர் செம்மண் கொட்டி, வாசல் பக்கம் முழுவதும் பேவர் பிளாக் பதித்து, மீதி இடத்தில் புல்தரை போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும், மண்ணும் உயிரோடு இருக்க வேண்டும், இதில் எதை முதலில் செய்வது என்று கேட்கிறீர்கள்.

இவை இரண்டையும் தனித்தனி வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதிலின் சாரம். எங்கே கால் படும், எங்கே தண்ணீர் போகும், எங்கே வேர் ஓடும் என்று நிலத்தைப் பிரித்துக்கொள்வதுதான் தோட்ட வடிவமைப்பு. அந்தப் பிரிவினை சரியாக அமைந்த இடத்தில் மண் தானாகவே தேறும். தப்பாக அமைந்த இடத்தில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் இறுகிக்கொண்டே போகும். எனவே செடிப் பண்ணைக்குப் போவதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியங்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள். வீடு கட்டிய மனையில் மேலாகத் தெரிவது அந்த ஊர் மண்ணாக இருக்காது. கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து, இரண்டடி ஆழத்துக்கு மூன்று நான்கு இடங்களில் குழி வெட்டி, குழியின் சுவரை உற்றுப் பாருங்கள். மேலே அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் பரப்பிய அடிமண் இருக்கும். அதில் சிமென்ட் துண்டுகளும் எம்-சாண்டும் உடைந்த டைல்ஸும் கலந்திருக்கும். அதன் கீழே, வீடு கட்டுவதற்கு முன் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தால், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அது துளையிடும்போது வெளிவந்த கல் மாவு. திருச்செங்கோட்டு லாரிகள் வந்து போர் போட்ட மனைகளில் இந்தக் குழம்பை அப்படியே பரவ விட்டுவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஈரத்தில் அது வழவழப்பான சேறாகவும், காய்ந்தபின் தட்டுத் தட்டாக வெடித்த ஓடாகவும் இருக்கும். தண்ணீரும் காற்றும் அதைத் தாண்டிக் கீழே இறங்குவது மிகவும் கடினம். அந்தப் பட்டை ஒரு விரற்கடை தடிமன் இருந்தால்கூடச் சுரண்டி எடுத்து அகற்றிவிடுங்கள். கிளறி மண்ணோடு கலந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கட்டட இடிபாடுகளையும் அவ்வாறே பொறுக்கி எடுத்துவிடுங்கள்; சிமென்ட் காரத்தன்மை உள்ளது, நம் மண்ணோ ஏற்கெனவே காரம்.

அடுத்து, அதே குழியில் தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் பெரும்பாலான மரங்களுக்குப் போதும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், அந்த இடத்தில் மரக்குழி வெட்டுவது தொட்டி கட்டுவதற்குச் சமம். மழைக்காலத்தில் வேர் அழுகும். அடியில் சுக்கான் பாளம் இருந்தால் கடப்பாரையால் அதை உடைத்து ஒரு வழி செய்ய வேண்டும். மண் கட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் வினிகர் சில சொட்டு விட்டால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மிகுந்த மண். இட்லிப்பூ, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றின் குருத்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வெளுப்பதற்கு இந்தச் சுண்ணாம்புதான் பெரும்பாலும் காரணம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் இட்டால் அதுவும் விரைவில் அதே நிலைக்குப் போய்விடும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, இலையில் தெளிப்பதுதான் பயன் தரும். ஆனால் ஆண்டு முழுவதும் தெளித்துக் காப்பாற்ற வேண்டிய செடியை முதலிலேயே தேர்ந்தெடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

முறையான மண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதைச் செய்து தருகிறார்கள். மனையில் எட்டுப் பத்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். தண்ணீரையும் ஒரு பாட்டில் கொடுங்கள். முடிவில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமம், அதாவது மட்கில் உள்ள கரிமத்தின் அளவு. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் இருந்தால் நல்ல அளவு என்று கணக்கு. நம்முடைய வெயிலில் மட்கு விரைவாகச் சிதைந்து காற்றோடு போய்விடுவதால், ஒருமுறை எரு போட்டு மண்ணை வளப்படுத்திவிட்டோம் என்று இருக்க முடியாது. ஆண்டுதோறும் மேலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கார அமில நிலை (pH) 8க்கு மேல் இருந்தால் ஜிப்சம் போடச் சொல்லிப் பலரும் அறிவுரை சொல்வார்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. வெறும் சுண்ணாம்பு மண்ணுக்கு அதனால் பயன் இல்லை. பரிசோதனை முடிவு சொன்னால் மட்டும் போடுங்கள்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். மனையின் அளவுகளைத் தாளில் போட்டுக்கொண்டு, மூன்று விஷயங்களை அதில் குறியுங்கள்: வெயில், காற்று, கூரைத் தண்ணீர்.

நம் ஊர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து விழும். மார்கழியில் உச்சி வேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரமுள்ள உங்கள் வீட்டின் நிழல் அப்போது வடக்குப் பக்கம் ஏறத்தாழ 10 அடிக்கு விழும். கொங்கு நாட்டில் காய்கறிக்கு மிகவும் ஏற்ற பருவம் ஐப்பசியிலிருந்து மாசி வரை. அந்த மாதங்களில்தான் வடக்குப் பக்கம் நிழலில் கிடக்கும். ஆகவே தக்காளி, கத்தரி, கீரைப் பாத்திகளைத் தெற்குப் பக்கம் வையுங்கள். அங்கும் சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று நான்கடிக்கு மார்கழி நிழல் விழும். அந்த ஓரத்தைப் பாத்திக்குப் பதிலாக நடைபாதைக்கு விட்டுவிடலாம். வடக்குப் பக்கம் வெற்றிலை, ஓமவல்லி, நந்தியாவட்டை போன்றவை நிழலைப் பொறுத்துக்கொண்டு வளரும். மேற்குச் சுவர்தான் வீட்டுக்குள் வெக்கையைக் கொண்டு வருவது. பெரிய மரத்துக்கு உரிய இடம் அந்தத் திசை.

காற்றைப் பற்றி உங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று இளஞ்செடியை ஒடிப்பதைவிட, இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போவதுதான் பெரிய சேதம். இதற்குச் சுற்றுச்சுவரை உயர்த்துவது தீர்வாகாது. கெட்டியான சுவரில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். பாதி காற்றை உள்ளே விட்டு பாதியைத் தடுக்கும் உயிர்வேலிதான் நல்லது. அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். 10 அடி உயர வேலி உங்கள் மனை முழுவதற்கும் போதும். நொச்சி, ஆவாரை, செம்பருத்தி ஆகியவற்றை மேற்கு எல்லையில் இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக நடுங்கள். கோனோகார்பஸ் என்னும் வேலி மரம் சீக்கிரம் வளரும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அதன் வேர் குழாய்களையும் அஸ்திவாரத்தையும் தேடிப் போகும், அந்த மரத்தால் நம் பறவைகளுக்கும் ஒரு பயனும் இல்லை.

வேலி என்றவுடன் காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். வானம் பார்த்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகள் மேய்ந்து வருகிற மேய்ச்சல் நிலம் அது. அந்த நிலத்தில் கோடையில் ஒரு கொழுக்கட்டைப் புல் தூரை விலக்கிப் பாருங்கள். மேலே வைக்கோல் நிறத்தில் காய்ந்த தாள். அதற்கடியில் உதிர்ந்த சருகும் ஆட்டுப் புழுக்கையும் நொறுங்கிக் கிடக்கும் மெல்லிய போர்வை. அதையும் விலக்கினால், சல்லிவேர் பிடித்துப் பொலபொலவென்று உதிரும் மண். இரண்டடி தள்ளி வண்டித் தடத்தில் அதே மண் கல்லாக இருக்கும். கால் படாத இடம், மூடிக் கிடக்கும் இடம், வேர் ஓடும் இடம் என்ற மூன்றும் சேர்ந்தால் மண் எப்படி இருக்கும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் மனையின் தெற்கு அல்லது வடக்கு எல்லையில் கொஞ்ச தூரத்துக்காவது மழைக்கு முன் கிளுவைக் குச்சி ஊன்றிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் பிறகு அதற்குத் தண்ணீர் கேட்காது.

நடைபாதையை நான் முக்கியமாகக் கருதுவதற்கும் காரணம் இதுதான். வளமான மண்ணின் கன அளவில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி காற்றும் நீரும் இருக்கும் இடைவெளி. ஈரமான கரிசலில் ஒருவர் நாலு தடவை நடந்தால் அந்த இடைவெளி நசுங்கிவிடுகிறது. மக்கள் எங்கே நடப்பார்கள் என்பதை வீட்டு ஆட்களின் பழக்கத்தைக் கவனித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்: கேட்டிலிருந்து படி, சமையலறைக் கதவிலிருந்து துணி உலர்த்தும் கொடி, மோட்டார் இருக்கும் இடம், குப்பை போடும் மூலை. இந்தத் தடங்களை முதலில் வரைந்து, முக்கியப் பாதைக்கு மூன்றடி, மற்றவைக்கு இரண்டடி கொடுத்துவிடுங்கள். காய்கறிப் பாத்திகளின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால் உள்ளே இறங்க வேண்டிய தேவையே வராது. சுவரை ஒட்டிய பாத்திக்கு இரண்டடி போதும். காருக்குச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் மட்டும் கல் பதித்து, நடுவில் மண்ணை விடுங்கள். வாசலில் நீர் தெளித்துக் கோலம் போடவும், விசேஷத்துக்கு நாலு பேர் உட்காரவும் ஒரு திறந்த இடம் வேண்டும். அது கடப்பைக் கல்லாக இருக்கட்டும். முன்பக்கம் முழுவதும் பேவர் பிளாக் போட்டால், அடியில் ஜல்லித்தூள் போட்டு இயந்திரத்தால் அடித்து இறுக்குவார்கள். அந்த மண்ணைப் பிறகு மீட்பது பெரும்பாடு. வெயில் காலத்தில் வாசல் முழுவதும் அனலடிப்பதும் கூடவே வரும்.

புல்தரையைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 1,000 சதுர அடிப் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 460 லிட்டர் ஆகிறது. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் மழைமறைவு நாட்டில், ஆழத்திலிருந்து இறைத்த உப்புத் தண்ணீரை இதற்காக ஊற்றுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தைகள் உட்கார்ந்து விளையாட 150 சதுர அடி போதும்; மண்ணோடு இசையும் அருகம்புல்லை அங்கே வளர விடுங்கள்.

உப்புத் தண்ணீருக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே மருந்து மழை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலேயே தங்கும்; பாத்தி ஓரத்தில் வெள்ளை பூத்தது போலத் தெரிவது அதுதான். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறையப் பாய்ச்சுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைப் பாத்திகளுக்குத் திருப்பினால் அது உப்பைக் கழுவி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். 1,800 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டில் தொட்டியோ உறிஞ்சு குழியோ ஏதாவது கட்டியிருப்பார்கள். அதற்குப் போகும் வழியில், வீட்டிலிருந்து 12 அடியாவது தள்ளி, 200 சதுர அடிப் பரப்பில் எட்டு அங்குல ஆழத்துக்கு ஒரு தாழ்வான பாத்தி வெட்டுங்கள். அந்த 4,000 லிட்டரில் பெரும்பகுதியை அதுவே தாங்கும். மிகுந்தது உறிஞ்சு குழிக்குப் போகட்டும். வெட்டிவேர், கல்வாழை, வாழை அதில் நன்றாக வரும். இரண்டு நாளுக்குள் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் கொசு பெருகும், ஆழத்தைக் குறைத்துவிடுங்கள். அஸ்திவாரத்துக்கு அருகே மட்டும் தண்ணீரைத் தேக்க வேண்டாம். கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும்; சுவர் வெடிப்பது அதனால்தான். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும். அதைச் செடிக்கு ஊற்றவே வேண்டாம்.

அதே காரணத்தால், பெரிய மரத்தை வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். உங்களுக்கு இரண்டு பெரிய மரங்கள் போதும்: மேற்கே ஒரு புங்கன், வடமேற்கு மூலையில் ஒரு வேம்பு. அதற்கு அடுத்த தட்டில் நெல்லி, சீத்தா, மாதுளை, சப்போட்டா ஆகியவை உங்கள் மண்ணையும் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். சமையலறைப் பக்கம் முருங்கை, கறிவேப்பிலை. வாசலுக்கு அருகே பவழமல்லியும் ஜாதிமல்லியும் இருந்தால் மாலையில் கதவைத் திறக்கும்போதே வாசம் வரும். அரளியைக் குழந்தைகள், ஆடு மாடுகள் எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள். அது முழுவதுமே நஞ்சு. ஒவ்வொன்றிலும் ஒன்று என்று நாற்பது வகை வாங்கி நிரப்பாமல், நாலைந்து வகைச் செடிகளைக் கொத்துக் கொத்தாக நட்டால்தான் தோட்டம் கண்ணுக்கு அமைதியாக இருக்கும்.

இவற்றையெல்லாம் முதல் ஆண்டே நட வேண்டியதில்லை. இறுகிய மண்ணைத் தக்க பதத்தில் கிளறிவிடுங்கள்: ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து உதிர வேண்டும், சப்பென்று ஒட்டினால் இன்னும் ஈரம் அதிகம். மழை தொடங்கும்போது சணப்பை, தக்கைப்பூண்டு, கம்பு, எள், தட்டைப்பயறு என்று கலந்து சென்ட்டுக்கு 250 கிராம் வீதம் விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் வெட்டி அங்கேயே போட்டுவிடுங்கள். பாத்தி வரும் இடங்களுக்கு மட்டும் மட்கிய தொழு உரம் இரண்டு அங்குலம் பரப்பிக் கலந்தால் போதும். 500 சதுர அடிக்கு ஒரு யூனிட்டுக்குச் (100 கன அடி) சற்றுக் குறைவாகவே ஆகும். நாமக்கல் கோழி எரு மலிவு என்று மட்காததை வாங்கிவிடாதீர்கள், வேர் கருகும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் பச்சையாக வேண்டாம். அதில் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கு மேல் கரிமம் இருப்பதால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் தெளிப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் மூடாக்கு இல்லாத வெற்று மண்ணில் அவற்றை ஊற்றிவிட்டுப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. கரும்புச் சோகை, உரிமட்டை, உதிர்ந்த இலை எதுவானாலும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி மட்டும் வெறுமையாக விடுங்கள், செல்லு (கரையான்) ஏறாது.

மரக்கன்றுகளை ஆடிக் காற்று அடங்கியபின் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நடுவதே நம் பக்கத்துக்கு ஏற்றது. ஆளுயரக் கன்றைவிட இரண்டடிக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதைக் கீறிப் பிரித்துவிடுங்கள். குழியை நிரப்ப அதே மண்ணைப் பயன்படுத்துங்கள். ஊன்றுகோல் மேற்குப் பக்கம் இருக்கட்டும், கட்டு தளர்வாக இருக்கட்டும்.

செம்மண் லோடைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் இறக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறுகிய கரிசல்மேல் ஓரடி செம்மண் போட்டால், மழைத்தண்ணீர் இரண்டும் சேரும் இடத்தில் வந்து நின்றுவிடும், வேரும் அங்கேயே திரும்பிவிடும். கூடவே கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் வரலாம்; கோரை ஒருமுறை புகுந்தால் ஆண்டுக்கணக்கில் போகாது. ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள் என்றால் பரப்ப விடாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஒரு மழை பெய்து இரண்டு வாரம் கழித்து அதில் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, கோரை இல்லாவிட்டால் நடைபாதையின் அடியிலும் காய்கறிப் பாத்தியின் மேல்மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்தும் பயன்படுத்தலாம். கோரை முளைத்தால் அந்த மண்ணைக் கல் பதிக்கும் இடத்துக்கு அடியில் மட்டும் போடச் சொல்லுங்கள்.